டிஸ்சார்ஜ் ஆன அன்றே துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள்

பக்கவாதம் வந்த அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும்வரை டாக்டர், நர்ஸ், பக்கத்துப் படுக்கைக்காரர் என்று கேட்க யாராவது இருப்பார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கிறது. அப்போது என்ன செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பணமும், அப்பா பட்ட வேதனையில் பெரும்பகுதியும் மிச்சமாகியிருக்கும். எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். அம்மா இல்லை. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், பணம் அனுப்புவார், ஆனால் வந்து தங்க முடியாது. நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது என்று போன் வந்த அன்று கிளம்பியவள்தான், அந்த வேலைக்குத் திரும்பவே இல்லை.

அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு பல வருடமாக இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவார், தலைசுற்றல் நின்றதும் நிறுத்திவிடுவார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர் அக்கா ஒருமுறை வந்து கருவியைக் கையில் கட்டியபோதும், "எனக்கு ஒண்ணுமில்ல, வயசானவங்களுக்குப் பாரும்மா" என்று அனுப்பிவிட்டாராம். அப்பாவுக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. ரத்தக் கொதிப்பு அளவு 140-க்கு 90-ஐத் தொட்டாலே டாக்டரிடம் காட்டியாக வேண்டும், உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாவிட்டாலும். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அந்தத் தன்னார்வலரைத் திருப்பி அனுப்புகிறார்களா என்று தயவுசெய்து கேட்டுப்பாருங்கள். அன்று திருப்பி அனுப்பியதற்கு ஒரு வருடம் கழித்து நாங்கள் வேறொரு விதத்திலும் விலை கொடுத்தோம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்த அன்று காலையில் அப்பாவுக்கு வாய் கோணியிருக்கிறது. பக்கத்து வீட்டார் முதலில் டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோக, அங்கே டிரிப்ஸ் ஏற்றி மதியம்வரை வைத்திருக்கிறார்கள். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கும் முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். வாய் கோணல், ஒரு பக்கக் கை தொய்வு, பேச்சுக் குழறல் இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விடுங்கள். எங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. கடைசியில் சேர்த்த அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை நன்றாகவே இருந்தது, அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அப்பா உயிர் பிழைத்தார். வலது பக்கம் அசையவில்லை, பேச்சு தெளிவில்லை, விழுங்க முடியவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று அப்பாவின் மூக்கில் உணவுக் குழாய், சிறுநீருக்கு ஒரு டியூப், என் கையில் மாத்திரைப் பையும் ஒரு காகிதமும். இரண்டு வாரம் கழித்துக் காட்டச் சொன்னார்கள். டியூப் வழியாக எப்படிக் கொடுப்பது என்று அவசரமாக ஒருமுறை செய்துகாட்டினார்கள். அவ்வளவுதான். அந்த வார்டில் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று நானே பார்த்தேன், அதனால் அந்த நர்ஸ் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "உங்க ஊர் நர்ஸ்கிட்ட இந்தக் காகிதத்தைக் காட்டுங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் யாராவது சொல்லியிருக்கலாம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பணம் கொடுத்து ஆள் வைப்பதுதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பெற்ற மகளிடம் டயப்பர் மாற்றச் சொல்ல வேண்டிய நிலை அப்பாவுக்குத் தாங்கவில்லை. நான் போர்வையை விலக்கும்போதெல்லாம் இடது கையால் என் கையைத் தள்ளிவிட்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழுவார். எனக்கும் அழுகை வரும். அவருக்காகவே ஓர் ஆண் ஆள் வேண்டும் என்று ஹோம் நர்ஸிங் ஏஜென்சி ஒன்றைப் பிடித்தேன். பதிவுக்கு ஐயாயிரம், ஒரு மாதச் சம்பளம் இருபத்து நாலாயிரம் முன்பணம். "டிரெயின்ட் நர்ஸ்" என்று சொல்லி அனுப்பிய பையன் படிப்பை முடித்தவனும் இல்லை, டியூப் போட்ட நோயாளியை அதற்கு முன் பார்த்தவனும் இல்லை. அது தெரியவர சில நாள் ஆனது.

அந்தப் பையன் அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்தபடியே டியூப்பில் கஞ்சி விட்டான். ஒரு நாள் இருமல், அடுத்து மூச்சிரைப்பு, ராத்திரி கடுங்காய்ச்சல். கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா. மறுபடி ஆஸ்பத்திரி, இந்த முறை பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி, அறுபதாயிரத்துக்குப் பக்கத்தில் பில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருந்தது, ஆனால் அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இல்லை என்று உள்ளே போன பிறகுதான் சொன்னார்கள். அவசரத்திலும் அந்த ஒரு கேள்வியை வாசலிலேயே கேட்டுவிடுங்கள். அந்தக் காப்பீடு ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான் உதவும், வீட்டில் வைத்துப் பார்க்கும் செலவுக்கு அதை நம்ப முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்தே ஊருக்குப் போய்விட்டான். ஏஜென்சி முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை, பிறகு போனையும் எடுக்கவில்லை.

வீட்டில் டியூப் வழியாக உணவு கொடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், சாய்வு நாற்காலியில் இருக்கும் அளவுக்காவது. கொடுத்து முடித்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் கொடுக்கும் முன் டியூப் மூக்கருகே ஒட்டிய இடத்தில் அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தாலோ, கொடுக்கும்போது இருமினாலோ உடனே நிறுத்திவிட்டு நர்ஸையோ டாக்டரையோ கேளுங்கள். முடித்ததும் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டால் டியூப் அடைக்காது. ஏஜென்சி வழியாக ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றால், வருபவர் நர்ஸா, உதவியாளரா என்று எழுத்தில் கேளுங்கள். நர்ஸ் என்றால் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்த எண் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். உதவியாளர் என்றால் குளிப்பாட்ட, துணி மாற்ற, திருப்பிப் படுக்கவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத முன்பணம் கொடுக்காதீர்கள், வாரக் கணக்கில் கொடுங்கள்.

இரண்டாவது முறை வீட்டுக்கு வந்தபோது நான் மட்டும்தான். கையில் இருந்த பணம் கரைந்துவிட்டது, அண்ணனிடம் திரும்பத் திரும்பக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. சிறுநீர் டியூப் மாற்ற ஒவ்வொரு தடவையும் கார் வைத்து டவுனுக்குப் போவேன், கார், கிளினிக் எல்லாம் சேர்த்து மூவாயிரம் ஆகிவிடும். படிக்கட்டில் அப்பாவைத் தூக்க ஆள் தேட வேண்டும். அதற்குள் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்தில் தோல் சிவந்தது. ஊரில் பெரியவர்கள் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னார்கள், மஞ்சள் வைக்கச் சொன்னார்கள், நடுவில் ஓட்டையுள்ள காற்றுத் தலையணை வாங்கி உட்காரவைக்கச் சொன்னார்கள். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். சிவப்பு கறுப்பானது, தோல் உரிந்தது, ஒரு காலையில் துணியை எடுத்தபோது நாற்றம் வந்தது. அன்று நான் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டு, இந்த மனுஷன் போய்விட்டால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். தனியாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த நினைப்பு வரும். வந்தால் நீங்கள் கெட்டவர்கள் இல்லை, உங்களுக்கு உதவி தேவைப்படுகிறது.

உதவி தற்செயலாகத்தான் வந்தது. எதிர்வீட்டில் பிரசவமாகிக் குழந்தையுடன் வந்திருந்தார்கள். அந்தக் குழந்தையை எடை போட எங்கள் கிராம சுகாதார செவிலியர் வந்தார். எதிர்வீட்டு அக்கா அவர் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். நர்ஸக்கா புண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஒரு போன் பண்ணக்கூடாதா? இத்தனை நாளா இந்தத் தெருவுக்கு வந்துட்டுப் போறேன். அப்பா பேரு எங்க லிஸ்ட்லயே இல்லையே" என்றார். துணை சுகாதார நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். அது கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஊசி போடும் இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அந்த லிஸ்ட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. சமவெளிப் பகுதியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஒரு கிராம செவிலியர் இத்தனை பேரையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. கர்ப்பம் என்றால் உடனே பதிவு செய்து எண் கொடுத்துவிடுகிறார்கள், அந்த எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே சிரமம், அதனால் குடும்பமே தேடிப்போய்ப் பதிகிறது. தடுப்பூசிக்குத் தேதி இருக்கிறது, ஒரு குழந்தை விட்டுப்போனால் தெரிந்துவிடும். படுக்கையில் விழுந்த பெரியவருக்கு எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் செய்ததை ஊர் நர்ஸுக்கு யாரும் தெரிவிப்பதில்லை, எங்கள் விஷயத்தில் தெரிவிக்கவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். வீட்டுக்கே பி.பி., சர்க்கரை மாத்திரை வருவது எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள் என்பதும், வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகள் தருவார்கள் என்பதும் அதே திட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் தன்னார்வலரின் கணக்கெடுப்பில் பெயர் ஏறினால்தான் அவர்கள் வரும் வண்டி உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். அன்று அப்பா அவரைத் திருப்பி அனுப்பியதில் எங்கள் வீடு அந்தக் கணக்கில் ஏறவில்லை. அதன் பிறகு ஊரிலேயே ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்க, நான் டவுனுக்குக் கார் வைத்து அலைந்துகொண்டிருந்தேன்.

நர்ஸக்கா அங்கேயே நின்று தன்னார்வலருக்குப் போன் செய்தார். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் காகிதங்களைப் பார்த்து மாத்திரைகளை அங்கேயே எழுதிக்கொடுத்தார். தனியார் சீட்டில் இருந்த கம்பெனிப் பெயர்களுக்குப் பதில் அதே மருந்து வேறு பெயரில் இருந்தது, பயப்படத் தேவையில்லை. மறுவாரமே ஆதரவுச் சிகிச்சை நர்ஸ் வண்டியில் வந்தார். அவர் வீட்டில் இருந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டதை முதல் நாளே கற்றிருந்தால் அந்தப் புண்ணே வந்திருக்காது. சிவந்த இடத்தை ஒருபோதும் தேய்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் சதை ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது, தேய்த்தால் இன்னும் கிழியும். ஓட்டைத் தலையணை சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், தூக்கி எறியச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், முழுக்கப் பக்கவாட்டில் இல்லாமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்வாக. குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. இழுக்காமல், விரிப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் அது இருக்கிறதே என்று திருப்பாமல் விடக் கூடாது. புண்ணைச் சலைன் தண்ணீரால் கழுவி, துணி வைத்துக் கட்ட என் கையாலேயே செய்யவைத்தார், கட்டும் பொருட்களைக் கொடுத்தார். காய்ச்சல், சீழ், புண் ஓரத்தில் கறுப்பு பரவுவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்காமல் கூப்பிடச் சொன்னார். முட்டை, பருப்பு, பால் என்று புரதம் உள்ளே போனால்தான் புண் ஆறும் என்பதையும் அவர்தான் சொன்னார். நான் அதுவரை லேசாக இருக்கட்டும் என்று வெறும் அரிசிக் கஞ்சியாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சிறுநீர் டியூப்பைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது இன்னும் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்பது. அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. சாதாரண ரப்பர் டியூப் இரண்டிலிருந்து நாலு வாரத்தில் மாற்ற வேண்டியது, சிலிக்கோன் டியூப் மூன்று மாதம்வரை தாங்கும், இரண்டையும் வீட்டிலேயே நர்ஸ் மாற்றலாம். ஆனால் டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமித் தொற்றுக்கு வழி. டாக்டர் சம்மதித்து எடுத்துப்பார்த்தார்கள், அப்பாவுக்குத் தானாகவே சிறுநீர் போனது. டியூப் இல்லை என்றதும் அப்பா முகத்தில் வந்த மாற்றத்தை என்னால் சொல்லவே முடியாது. டியூப் வைத்தே ஆக வேண்டியவர்கள், பையை எப்போதும் இடுப்பைவிடத் தாழ்வாகத் தொங்கவிடுங்கள், தரையில் படவிடாதீர்கள், நிரம்பி வழியும் முன் காலி செய்யுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் சொன்னதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு விலகிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் இருக்கும். பார்க்க வருகிற உறவினர் எல்லோரும் அந்தக் கையைத்தான் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் தலைமாட்டில் பெரிதாக எழுதியே ஒட்டினேன்.

இந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் தினமும் வர மாட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டி ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்ற வேண்டியது, எங்களுக்கு மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. தன்னார்வலர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த நம் ஊர்ப் பெண்கள், வாங்குவது ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்லை. எனவே நர்ஸ் வரும் நாளில் அவரே எல்லாம் செய்துவிட்டுப் போகட்டும் என்று ஒதுங்கி நிற்காதீர்கள், பக்கத்தில் நின்று உங்கள் கையால் செய்துகாட்டித் திருத்தச் சொல்லுங்கள். சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், புண்ணை வாரம் ஒருமுறை போனில் படமெடுத்து வையுங்கள், ஆறுகிறதா பெரிதாகிறதா என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரியும். இடையில் ஏதாவது என்றால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். கிளம்பும் முன் நர்ஸ் எனக்கும் பி.பி. பார்த்தார். "நீ எத்தனை மணிக்குத் தூங்குறே? சாப்பிட்டியா?" என்று கேட்டார். அத்தனை மாதத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான், நான் அழுதுவிட்டேன். ராத்திரி நேரத்தில் திருப்பிப் படுக்கவைக்க எதிர்வீட்டு அண்ணனை முறை வைத்துக் கூப்பிடச் சொன்னதும் அவரே. கூப்பிட்டேன், வந்தார். டயப்பர் விஷயத்திலும் அப்பாவுக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது, காலை வேளையில் சித்தப்பா மகன் வந்து துடைத்துவிட ஒப்புக்கொண்டான்.

புண் ஆற மாதங்கள் ஆனது. இப்போது அப்பா விழுங்குகிறார், மூக்கு டியூப் இல்லை, வாக்கரைப் பிடித்து வாசல்வரை வருகிறார். பேச்சு பாதிதான் புரியும். நான் உள்ளூரில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன், பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

யாராவது டிஸ்சார்ஜ் ஆகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான். டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுத்து, ஆதார், ரேஷன் கார்டு நகலுடன் அன்றோ மறுநாளோ துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பூட்டியிருந்தால் அதிசயமில்லை, நர்ஸ் வீடுகளுக்குப் போயிருப்பார், சுவரில் எண் எழுதியிருக்கும். 'படுத்த படுக்கை, டியூப் இருக்கிறது, வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்' என்று இந்த மூன்றையும் தெளிவாகச் சொல்லிப் பெயரைப் பதியவையுங்கள். ஒரு வாரத்தில் யாரும் வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் வட்டார மருத்துவ அலுவலர்.

நர்ஸே இல்லாத ஊர்களும் இருக்கின்றன. எங்கள் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் இடம் காலியாக இருக்கிறது, எங்கள் நர்ஸக்காதான் அதையும் சேர்த்துப் பார்க்கிறார், அதனால் இரண்டு ஊருக்குமே பாதி நர்ஸ்தான். அக்டோபர் 2 கிராம சபையில் இதைச் சொல்ல நாங்கள் சில பெண்கள் சேர்ந்து போனோம். வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். காலியிடத்தை நிரப்ப வேண்டும் என்று தீர்மானமாக எழுதச் சொல்லி, எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணைக் குறிப்பிட்டு மாவட்ட சுகாதார அலுவலருக்கு மனு அனுப்பினோம். ஆள் இன்னும் வரவில்லை. ஜனவரி 26 சபையில் மறுபடி கேட்கப்போகிறோம், இந்த முறை பக்கத்து ஊர்க்காரர்களும் அவர்கள் சபையில் அதே தீர்மானத்தைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.